பற்றரிப் பெட்டிக்குள் உறங்கியது

அக்கா முதியோர் இல்லத்தில் தன் கடைசி இரவுப் பணியை முடித்த அந்த இலையுதிர்காலத்தில், நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பழைய வோன்மொபில் வாங்கினோம். அடுப்பு, கட்டில், கழிவறை எல்லாம் உள்ளுக்குள்ளேயே உள்ள வீட்டுவண்டி. என் மனைவிக்குச் சக்கரம் பூட்டிய வீட்டில் நம்பிக்கையில்லை. "நீங்கள் ரெண்டுபேரும் போயிட்டு வாங்கோ, நீங்கள் எடுத்துவாற படத்தை நான் பாக்கிறன்" என்று முதல் நாளே ஒதுங்கிக்கொண்டாள்.

அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. நோர்வேயின் வடக்கு மூலைக்குப் போய், பனிக்கால வானத்தில் பச்சையாக அலையும் ஒளியைப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் விழித்தே வேலை செய்தவள். இனி ஓர் இரவாவது தனக்காக விழித்திருக்க வேண்டும் என்றாள். மார்ச் மாதம் போவதாகத் தீர்மானித்தோம். அதற்குப் பிறகு அங்கே இரவுகள் வெளுக்கத் தொடங்கிவிடுமாம்.

அதுவரை வண்டியை நிறுத்த, நாங்கள் வசிக்கும் ஹனோவரில் எங்கும் இடம் அகப்படவில்லை. தெற்கே, ஹார்ட்ஸ் மலையடிவாரக் கிராமம் ஒன்றில், தனியாக வாழும் விவசாயப் பெண்மணி ஒருவர் தன் பழைய வைக்கோல் கொட்டகையில் இடம் தந்தார். ஒரேயொரு நிபந்தனை: வைக்கோல் கிடக்கும் இடத்தில் மின்கம்பி இழுக்கக் கூடாது.

அந்த நிபந்தனை என்னை யோசிக்க வைத்தது. நான் டிராம் பணிமனையில் மின்வேலை செய்கிறவன். வண்டியில் இரண்டு பற்றரிகள். ஒன்று இயந்திரத்தைக் கிளப்ப. அது முன்மூடிக்குள் இருக்கிறது, கழற்றுவது சுலபம். மற்றது விளக்குக்கும் தண்ணீர்ப் பம்பிக்கும். அது மேசையோரத்து இருக்கைக்குக் கீழே ஒரு பெட்டிக்குள், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரம். ஈயப் பற்றரிகளைப் பனிக்காலத்தில் பட்டினி போடக் கூடாது. சார்ஜ் நிறைந்திருந்தால் உள்ளே இருக்கும் அமிலம் இந்த நாட்டின் எந்தக் குளிருக்கும் உறையாது. சார்ஜ் இறங்க இறங்க அந்த அமிலம் தண்ணீரைப் போலாகிவிடும். பிறகு ஒரு சாதாரணப் பனி இரவே போதும். உள்ளே ஐஸ் கட்டி, தட்டுகள் நெளிந்து, வெளிக்கூடே வெடித்துவிடும்.

நவம்பரில் தண்ணீரை எல்லாம் வடித்தோம். குழாய்களைத் திறந்து விட்டோம். மெத்தைகளை நிமிர்த்தி வைத்தோம். இரண்டு பற்றரிகளையும் நிரம்பச் சார்ஜ் செய்து, நெகற்றிவ் கம்பிகளைக் கழற்றினேன். தை பிறந்ததும் வந்து அளந்து பார்த்து, இறங்கியிருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் நிலவறையில் சார்ஜ் ஏற்றுவது என்பது என் திட்டம்.

ஜனவரி நடுவில் வானிலை அறிக்கை கடுங்குளிர் வருவதாகச் சொன்னது. அக்காவையும் ஏற்றிக்கொண்டு கிராமத்துக்குப் போனேன். வயல்களெல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. கொட்டகைக் கதவைத் தோளால் முட்டித் திறந்தோம். உள்ளே காற்று இல்லை. வெளியை விடக் குளிர் அதிகமாயிருப்பது போலிருந்தது. முன்பற்றரியை மீற்றரால் அளந்தேன். நன்றாகவே இருந்தது. பிறகு உள்ளே ஏறி, இருக்கைப் பலகையைத் தூக்கினேன்.

பற்றரியின் மேல் பாசியும் காய்ந்த இலையும் சாம்பல்நிறக் கம்பளி நூலுமாக ஒரு பெரிய உருண்டை இருந்தது. பற்றரிக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியையும் அதுவே அடைத்திருந்தது. கம்பளி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு உடனே தெரிந்தது. அக்கா அலமாரியில் விட்டுவைத்த தொப்பி.

எலி என்று நினைத்தேன். டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால், உருண்டையின் திறப்பில் ஒரு சிறு உயிர் பந்தாகச் சுருண்டு கிடந்தது. மூக்கை வயிற்றுக்குள் புதைத்து, நீண்ட வாலைப் போர்வை போலத் தன்மேல் போர்த்தியிருந்தது. வாலின் நுனியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குஞ்சம். கண்ணைச் சுற்றிக் காதுவரை மை தீட்டியது போல் ஒரு கறுப்புக் கோடு. எலிக்கு இத்தனை அலங்காரம் கிடையாது.

"செத்துப்போச்சுது அக்கா. விறைச்சுக் கிடக்குது. ஒரு பையைத் தாங்கோ, எடுத்து வெளியில போடுவம்."

அக்கா என்னை விலக்கிவிட்டுக் குனிந்தாள்.

"பொறு. தொடாத."

"ஐஸ் மாதிரிக் கிடக்குது."

"செத்ததைப் பாத்தா எனக்குத் தெரியும் தம்பி. நீ கொஞ்சம் கதைக்காம இரு."

பெட்டியருகே முழங்காலிட்டு உட்கார்ந்தாள். டோர்ச் ஒளியைத் தன் கையால் மறைத்து, விரலிடுக்கில் கசியும் வெளிச்சத்தை மட்டும் அதன் மேல் விழவிட்டாள். அவள் முகத்தை அப்படி நான் அதுவரை கண்டதில்லை. அவள் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். படுக்கையருகே கதிரையைப் போட்டுக்கொண்டு, இன்னொருவரின் அடுத்த மூச்சு வருமா என்று காத்திருப்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அவள் காத்திருந்தாள். என் கால்விரல்கள் மரத்தன. எதுவும் அசையவில்லை. போதும், போவோம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அந்தப் பந்து மெல்ல உப்பியது. ஒரு மூச்சு. அதைத் தொடர்ந்து அவசர அவசரமாக இன்னும் சில. பிறகு மறுபடியும் கல்.

"பாத்தியே?" என்றாள் அக்கா, கோவிலில் கதைப்பது போன்ற குரலில்.

பார்த்தேன். பனியைப் போலக் குளிர்ந்து கிடக்கும் ஓர் உடம்பு, தனக்கு நினைவு வரும்போது மட்டும் மூச்சு விடுகிறது. என் கையிலிருந்த மீற்றரைக் கீழே வைத்துவிட்டேன்.

விவசாயப் பெண்மணி வந்து எட்டிப் பார்த்துவிட்டு இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "கார்ட்டன்ஷ்லேஃபர்!" என்றார். தோட்டத்தில் உறங்குகிறவன் என்று அர்த்தம் வரும் அந்தப் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தக் கொட்டகையில் கண்டதாகவும், பிறகு அவை எல்லாம் எங்கே போயின என்று தெரியாது என்றும் சொன்னார். உடனே தனக்குத் தெரிந்த ஓர் இயற்கை ஆர்வலரைத் தொலைபேசியில் அழைத்து, கைபேசியை என்னிடம் தந்தார்.

மறுமுனையிலிருந்த ஆர்வலப் பெண் முதலில் கேட்டது, "அதைத் தொட்டீர்களா?" என்பதுதான்.

"இல்லை."

"நல்லது. அது பாதுகாக்கப்பட்ட உயிர். கோடையில் சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு வசந்தம் வரை கிடக்கிறது. எழுப்பினால் உடம்பைச் சூடாக்கவே அந்தக் கொழுப்பில் பெரும்பங்கை எரித்துவிடும். மறுபடி உறங்கினாலும் வசந்தம்வரை தாங்காமல் போகலாம். மூடிவிட்டுப் போய்விடுங்கள். சூடு காட்டாதீர்கள். அதற்கு வேண்டியது குளிர்தான்."

"எப்போது எழும்பும்?"

"ஏப்ரல் முடிவில். சில சமயம் மே."

நான் அக்காவைப் பார்த்தேன். கைபேசியிலிருந்து வந்த குரல் அவளுக்கும் கேட்டிருந்தது. மார்ச் மாதம் என்பது எங்களுக்கு என்ன என்று இருவருக்கும் தெரியும். மிகவும் அவசரமென்றால் ஆள் வந்து குளிர்பெட்டியில் வைத்து வேறிடத்துக்கு மாற்றிப் பார்க்கலாம், ஆனால் பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று அந்தப் பெண் தயக்கத்துடன் சேர்த்துச் சொன்னார்.

"வேண்டாம் எண்டு சொல்லு" என்றாள் அக்கா. "நாங்கள் அடுத்த வருசம் போவம். இது அடுத்த வருசத்துக்கு இருக்க வேணுமெல்லே."

அவள் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு வேறொரு பயம் வந்தது. பற்றரியின் நெகற்றிவ் முனை கூட்டுக்கு அடியில் இருந்தது. கூட்டைக் கலைக்காமல் அளக்க முடியாது. சார்ஜும் ஏற்ற முடியாது. நவம்பரில் நிரப்பியது உண்மை. ஆனால் அது பழைய பற்றரி. இவ்வளவு நாளில் எவ்வளவு இறங்கியதோ, யாருக்குத் தெரியும்? நிறைய இறங்கியிருந்தால் வரப்போகும் குளிரில் உறையும். உறைந்து வெடித்தால் அமிலம் நேரே அந்தக் கூட்டுக்குள் போகும்.

அக்காவுக்கு விளக்கினேன்.

"அப்ப என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யேலாது அக்கா."

"நீ வடிவாச் சார்ஜ் பண்ணினனி தானே?"

"ஓம். பண்ணினனான்."

"கம்பியும் கழட்டினனி?"

"ஓம்."

"அப்ப மூடு" என்றாள்.

முட்டையின் மேல் வைப்பது போலப் பலகையை மெல்ல இறக்கினேன்.

சொன்னபடியே குளிர் வந்தது. ஹனோவரில் மாஷ் ஏரி உறைந்து, ஆட்கள் அதன்மேல் நடந்து திரிந்தார்கள். அக்கா தினமும் காலையில் அழைப்பாள். சுகம் விசாரிக்க மாட்டாள். "அங்க எவ்வளவு குளிராம்?" என்பதுதான் முதல் கேள்வி. கிராமத்தின் வெப்பநிலையை என் கைபேசியில் பார்த்துச் சொல்வேன். மைனஸ் பதினாறு என்று சொன்ன ஒரு காலையில் அதை இன்னொருமுறை பார்த்துச் சொல்லச் சொன்னாள். பணிமனையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதும் அந்தப் பெட்டிதான் கண்ணுக்குள் நிற்கும். குளிரில் பற்றரி தானாகச் சார்ஜ் இழப்பது மிகக் குறைவு என்பது எனக்குத் தொழிலில் தெரிந்த விசயம். வருடக்கணக்காகத் தெரிந்த அந்த விசயத்தை அந்தப் பனிக்காலத்தில்தான் ஒரு பிரார்த்தனையைப் போலத் திரும்பத் திரும்ப எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரே குளிர் அந்த மிருகத்தின் கொழுப்பையும் பற்றரியின் சார்ஜையும் சிக்கனமாகச் செலவிட வைக்கிறது. யார் வகுத்த ஒழுங்கோ!

மார்ச் வந்து போனது. நோர்வேயைப் பற்றி அக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில், செரி மரங்கள் பூத்திருந்த ஒரு ஞாயிறு பின்னேரம், அந்த இயற்கை ஆர்வலரிடம் கேட்டுக்கொண்டு போனோம். மெல்லத் திறந்து பாருங்கள், உறங்கினால் உடனே மூடிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். கொட்டகையில் வெயில் பலகை இடுக்குகளால் கோடுகோடாக விழுந்திருந்தது. வண்டிக்குள் ஏறியதும் நான் முதலில் மோந்து பார்த்தேன். அமில நெடி இல்லை.

பலகையைத் தூக்கினேன். அதே பந்து. அதே இடம். ஆனால் மிகவும் சிறுத்திருந்தது. தோல் இரண்டு மடங்கு பெரிய உடம்புக்குத் தைத்தது போலத் தளர்ந்திருந்தது.

"உறங்குது. மூடுவம்" என்றேன்.

"பொறு. மீசையைப் பார்."

மீசை நடுங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே அது எழும்பத் தொடங்கியிருந்தது. பலகையை அப்படியே சாய்த்து வைத்துவிட்டு, இருவரும் பின்வாங்கி, எதிர்ப்பக்கக் கட்டிலின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

அப்படி ஒன்றை நான் எங்கும் கண்டதில்லை. முதலில் மூச்சு. இடைவெளிகள் குறைந்து, குறைந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கியது. பிறகு நடுக்கம். தலையும் முன்கால்களும் மட்டும் அதிர்ந்தன. பின்னுடல் இன்னும் கல்லாகவே கிடந்தது. உயிர் முன்னாலிருந்து பின்னுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. மூக்கிலிருந்து விசிலடிப்பது போல் மெல்லிய ஒரு சத்தம். பெரிய காதுகள், மடித்த துணி விரிவது போல விரிந்தன. வால் உதறியது. வெளியே வெயில் கோடுகள் கொட்டகைச் சுவரில் ஏறிக்கொண்டே போயின. கடைசியில் கண் திறந்தது. இரண்டு கறுப்பு மணிகள், ஈரமாக, பளபளவென்று.

அக்கா என் கையை இறுகப் பற்றினாள்.

அது பற்றரியின் மேல் ஏறி நின்று தள்ளாடியது. எங்களைப் பார்த்தது. பயந்ததாகத் தெரியவில்லை, எங்களை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாமல் நிற்பது போலிருந்தது. முன்கால்களால் முகத்தைக் கழுவியது. பிறகு பெட்டியின் மூலையில், பழைய கம்பி ஒன்று போவதற்காக யாரோ துளைத்துவிட்டு மறந்துபோன ஓட்டைக்குள் தலையை விட்டது. குஞ்சம் ஒருமுறை ஆடியது. போய்விட்டது.

அக்கா அழுதுகொண்டிருந்தாள், ஆனால் அவள் முகம் சிரித்தபடி இருந்தது.

"இவ்வளவு காலமும் நான் மூச்சு குறைஞ்சு குறைஞ்சு போறதைத்தான் பாத்தனான்" என்றாள். "திரும்பி வாறதை ஒரு நாளும் கண்டதில்லை, தம்பி. இப்பிடியும் இருக்குதெண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை."

கூட்டை அவளே இரு கைகளாலும் அள்ளி எடுத்து, கொட்டகை உத்தரத்தின் ஒரு மூலையில் செருகி வைத்தாள். நான் பற்றரியைத் துடைத்தேன். அதன் வெளிக்கூடு வெடித்திருக்கவில்லை, எங்கும் ஒரு வீக்கம்கூட இல்லை. மீற்றர் முனைகளை வைத்தபோது பன்னிரண்டரை வோல்ற்றுக்குச் சற்று மேலே காட்டியது. நவம்பரில் கொடுத்ததை அந்தப் பழைய பற்றரி அத்தனை குளிருக்குள்ளும் பெரும்பாலும் இழக்காமல் வைத்திருந்தது. கம்பியைப் பூட்டினேன். மேசைக்கு மேலிருந்த விளக்கு எரிந்தது.

விவசாயப் பெண்மணி கோப்பியும் ஆப்பிள் கேக்கும் கொண்டுவந்தார். மூவரும் வண்டியின் படியில் நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த ஓட்டையை அடைத்துவிடட்டுமா என்று நான் கேட்டேன். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது.