முன்சீட்டில் வந்த ஆத்தா

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம். ஆரணியில், எழுபதைத் தொட்டிருந்த அப்பாவுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, பாதி நெய்த புடவையோடு தறியையும் நிறுத்திவிட்டோம். அப்பாவுக்கு அது நோயே இல்லை. வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை படி தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

நாலைந்து நாளில் இருமல் வந்து மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பக்கத்துத் தெருவில் புதிதாகக் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் கூடவே வந்து, செருப்பை எங்கள் வாசலில் விட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். நெஞ்சைச் சோதித்ததும் முகம் மாறிவிட்டது. நுரையீரல் வரைக்கும் போய்விட்டது, உடனே வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

"வூட்டுக்கு வந்த ஆத்தாவ உட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்றார் அப்பா.

எனக்கு வந்ததே கோபம்! "மூச்சு நின்னுபோச்சுன்னா ஆத்தா யார்கிட்ட இருப்பாங்க?" என்று கத்தினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பாவைப் பறிகொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் அழுதே விட்டேன்.

டாக்டரம்மா எழுந்து போனார். வாசல் வேப்பங்கொத்தைக் கும்பிட்டு, கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏன் ஐயா உட்டுட்டு வரணும்? அவங்களையும் கூட்டிகினு போலாம். ஜல்தியா எழுந்திருங்க."

அப்பா அவரையும் கொத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

வாடகைக் காரின் முன்சீட்டில் வேப்பங்கொத்து. பின்னால் எங்களோடு நெருக்கிக்கொண்டு டாக்டரம்மா. கண்ணமங்கலம் தாண்டும்போது அப்பா திணறிக்கொண்டே கேட்டார்:

"ஆத்தாவுக்குக் காத்து வருதா, பாரு."

"ஜன்னலோரம்தாம்ப்பா, ஜம்முனு வராங்க" என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வார்டில் கட்டில் கம்பியில் அந்தக் கொத்தைக் கட்டினோம். ஆக்சிஜன், ஊசி என்று மெல்லத் தேறி, அப்பா தன் காலாலேயே நடந்து வீட்டுக்குள் வந்தார். சருகாகிப்போன கொத்து அவர் மடியில் பத்திரமாக இருந்தது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று கூழ் காய்ச்சி டாக்டரம்மாவைக் கூப்பிட்டோம். "இன்னும் ஊத்தும்மா, வெட்கப்படுறாங்க" என்று அப்பா என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். தறி மறுபடி ஓடியது. அந்தப் புடவையை அவரே நெய்து முடித்தார்.

இப்போதும் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் கத்துவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, "எதை விட்டுட்டு வர மனசு வரல, சொல்லு, அதையும் கூட்டிகினு போலாம்" என்று கேட்டுவிடுகிறேன்.