வெட்டிய ஓரம்

பாளையம்பட்டியில் பால்சாமி வீடியோ எடுக்காத கல்யாணம் ஒரு காலத்தில் இல்லை. கையில் கேமரா இருந்தால் மனுசனுக்குக் கால் தரையில் நிற்காது. மாப்பிள்ளையையே "தலையத் தூக்குப்பா" என்று அதட்டுவார். இப்போது எல்லாரும் போனிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். அவர் பழைய கல்யாண சிடிகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துக் காலத்தை ஓட்டுகிறார்.

அன்றைக்கு முத்துப்பேச்சி ஒரு சிடியோடு கடைக்கு வந்தாள். பதினைந்து வருசத்துக்கு முன்னால் அவர் எடுத்த, அவள் மகள் சத்யபிரியாவின் கல்யாணம். சத்யபிரியா போன மாசம் மில் வேன் கவிழ்ந்து செத்துப்போனாள்.

"புது டிவியில போட்டா மூஞ்சியெல்லாம் அகண்டு தெரியுது தம்பி. எம்புள்ள இப்படியா இருந்தா? சரி பண்ணிக் குடுங்க. கல்யாணத்தன்னைக்கு அவளும் நானும் சேந்திருக்கிற போட்டோ ஒண்ணுகூடக் கெடையாது. இதுலயாச்சும் இருப்பேன். தாலி கட்டுறப்ப ஓரமா நின்னேன்."

புருசன் இல்லாதவள், அதனால் ஓரம். ஊர் வழக்கம் அப்படி. நாசமாய்ப் போன வழக்கம்.

முகத்தைச் சரிசெய்வது பால்சாமிக்கு நிமிஷ வேலை. பழைய பெட்டி டிவிக்கென்று செய்த படத்தை அகலத் திரை பக்கவாட்டில் இழுத்திருந்தது. அளவை மாற்றியதும் சத்யபிரியா ஒல்லியாக, அச்சு அசலாக மணமேடையில் உட்கார்ந்திருந்தாள். முத்துப்பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்திருந்தது.

"அந்தக் கறுப்ப எடுத்துட்டா நான் தெரிவேனா தம்பி?"

பால்சாமி மவுஸிலிருந்து கையை எடுத்தார். அவர் கேமரா அன்றைக்கே அகலமாகத்தான் எடுத்தது. அப்படியே கொடுத்தால் பெட்டி டிவியில் மேலும் கீழும் கறுப்பு விழும். பாதிப் படத்தைக் காணோம் என்று ஜனம் சண்டைக்கு வரும். அதனால் எல்லாக் கல்யாணத்திலும் இரண்டு ஓரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நறுக்கிவிடுவார். ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்டாத படம் இருந்த டேப்பிலும் அதன் மேலேயே அடுத்த முகூர்த்தத்தை எடுத்துவிட்டார்.

பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். மனசு வரவில்லை.

"கறுப்புக்குப் பின்னால ஒண்ணும் இல்லக்கா. நாந்தான் ஒங்கள வெட்டிட்டேன்."

அவள் ஏசவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு உள்ள வந்திருந்தா படத்துல விழுந்திருப்பேன்?"

"ரெண்டு எட்டு."

திரையில் சத்யபிரியா கழுத்து நிறைய மாலையோடு ஓரத்துப் பக்கம் திரும்பி என்னவோ சொன்னாள். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"வாம்மா, பக்கத்துல வந்து நில்லுன்னு கூப்புடுறா தம்பி" என்றாள் முத்துப்பேச்சி. "நாந்தான் போகல."