தறிக்குழியில் வைத்த மெழுகு

யார் எதை உறுதியாகச் சொன்னாலும் துர்காதேவி ஒரு வார்த்தை கேட்பாள்: "யாருக்கு?"

பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டை ஒட்டிய வாடகை வீட்டில் வளர்ந்த சந்தியா இதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெந்நீர் குடித்தால் உடம்பு இளைக்கும் என்று டிவியில் ஒருவர் சொன்னால் டிவியைப் பார்த்தே கேட்பாள். கோயில் வாசலில் ஜோசியக்காரர் ஒருவர், "இந்த ராசிக்கு இனிமே பொற்காலம்மா" என்றபோதும் அதே கேள்விதான்.

"உனக்குத்தான்மா."

"எங்க வீட்டுக்காருக்கும் இதே ராசிதான். யாருக்குன்னு தெளிவா சொல்லு, வீட்ல சண்டை வரக் கூடாது பாரு."

அந்த வீட்டுக்காரர் மாணிக்கவாசகம். பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்ய இரண்டு பேர் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கணவன் நெய்வான், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலை ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுப்பாள். இந்த வீட்டில் தலைகீழ். நெய்வது துர்காதேவி. மாணிக்கவாசகம் கை ஆள். அதிலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணசந்துவிடும் கை ஆள். அவள் முழங்கையால் ஒரு இடி கொடுத்தால் நாடா வரும்.

சந்தியாவின் அப்பா முசரவாக்கத்திலிருந்து வந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் சந்தியா. உயிர்வேதியியல் படித்துவிட்டு ஒரு புற்றுநோய் ஆராய்ச்சியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் நோய் வெவ்வேறு நாட்டுப் பெண்களின் உடம்பில் எப்படி வேறுபடுகிறது, யார் பிழைக்கிறார்கள், யார் பிழைப்பதில்லை, ஏன் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி. நோயாளிகளிடம் பேசி விவரம் வாங்குவது அவள் வேலை. ஆங்கிலக் கட்டுரைகளைப் படிக்கும்போது புரிந்த மாதிரி இருக்கும். யாராவது ஒரு கேள்வி கேட்டால், புரிந்ததா, மனப்பாடம் செய்தோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

போன வருடத்துக்கு முந்தின தை மாதத்தில் துர்காதேவியின் இடது மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. சந்தியாதான் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சின்னக் கட்டி. அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். எடுத்ததை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு வகைப் புரதங்கள் கட்டியில் இருந்தன. அதற்கு மாத்திரை உண்டு. ஹெர்-டூ என்ற மூன்றாவது புரதம் அளவுக்கு மீறி இருக்கிறதா என்பது மட்டும் தெளிவாகவில்லை. மீறி இருந்தால் அதற்கென்றே ஒரு ஊசி மருந்து உண்டு, ஒரு வருடம் போட வேண்டும். இல்லையென்றால் அந்த ஊசியால் பயன் இல்லை, இதயத்துக்குத் தொல்லைதான்.

"ஊசி பொருந்திடுச்சுன்னா பெரும்பாலானவங்க நல்லா இருக்காங்க," என்றார் டாக்டர் தேவகி.

"யாருக்கு டாக்டரம்மா? எந்த ஊரு பொம்பளைங்களுக்கு?"

சந்தியா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

"அதிகமா ஐரோப்பா, அமெரிக்காப் பெண்களை வெச்சுப் போட்ட கணக்குமா. நம்ம பெண்கள் அதுல கம்மி. நம்ம ஊர்ல சின்ன வயசுலயே வருது, லேட்டாத்தான் காட்ட வர்றாங்க. இந்த மூணு புரதமும் இல்லாத கட்டி இங்க கொஞ்சம் அதிகம்னும் சில ஆய்வு சொல்லுது. இதுல உடம்பு எவ்ளோ, லேட்டா வர்றது எவ்ளோ, மருந்து கிடைக்காதது எவ்ளோன்னு பிரிச்சுச் சொல்ற அளவுக்கு நம்மகிட்ட இன்னும் விவரம் இல்ல. அதுக்குத்தான் சந்தியா மாதிரி பிள்ளைங்க அலையுது."

'பெரும்பாலானவர்கள் நன்றாக இருக்கிறார்கள்' என்ற வரியைச் சந்தியா எத்தனையோ கட்டுரைகளில் படித்திருக்கிறாள். எந்த ஊர்ப் பெண்கள் என்று ஒரு தடவைகூடத் தன் வாயால் கேட்டதில்லை.

ஹெர்-டூ சந்தேகத்தைத் தீர்க்கச் சென்னையில் ஒரு லேபில் இன்னொரு சோதனை செய்ய வேண்டும். கட்டி பதித்த மெழுகு பிளாக்கை நோயாளியே எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஒரு சனிக்கிழமை கையில் கொடுத்துவிட்டார்கள். தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் சட்டம், அதன் மேல் வெள்ளை மெழுகு, நடுவில் மங்கலாக ஒரு திட்டு. கட்டி முழுக்க அந்த ஒரே பிளாக்கில்தான் இருந்தது. போனால் வேறு கிடையாது.

"வெயில் படாம, குளிர்ச்சியான இடத்துல வெச்சுக்கங்க அத்தை," என்று சந்தியா சொல்லி அனுப்பினாள்.

துர்காதேவியின் வீட்டில் குளிர்ச்சியான இடம் தறிக்குழி. நெய்கிறவர் கால் வைக்கும் அந்தப் பள்ளத்தில் சித்திரை வெயிலிலும் மண் சில்லென்று இருக்கும். குழியின் சுவரில் இருந்த சின்ன மாடத்தில் பிளாக்கை வைத்துவிட்டாள். அங்கே வைத்ததைக் கணவரிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே அவருக்குக் கண் கலங்கிவிடும்.

திங்கட்கிழமை காலை அவர்களோடு சென்னைக்குப் போகச் சந்தியா கிளம்பி வந்தாள். மாணிக்கவாசகம் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று, நாடா ஓடும் பலகையில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். நாடா வழுக்கிக்கொண்டு ஓட, தறிக்காரர்கள் மெழுகுவத்தித் துண்டைத் தேய்ப்பது வழக்கம்.

"இன்னிக்கு மெழுகு சூப்பரா இருக்குதுமா," என்றார் சந்தியாவிடம். "புடிச்சுக்கப் பிளாஸ்டிக்கு வேற வெச்சிருக்கான். வெவரமான கம்பெனி."

துர்காதேவி சமையலறையிலிருந்து இட்லித் தூக்கோடு வந்தவள் நின்றாள்.

"இன்னாய்யா தேய்ச்சிக்கினு கீற?"

"மெழுகு."

"எந்த மெழுகு?"

"குழி மாடத்துல இருந்துச்சே."

"யோவ்! அது நான்யா!"

மாணிக்கவாசகம் கையிலிருந்ததைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி கையிலிருந்ததைப் பார்த்தார். ஒரு மூலை சாய்வாகத் தேய்ந்து போயிருந்தது. குளிர்ச்சியான இடம் என்று சொன்னவள் சந்தியாதானே.

சத்தம் கேட்டு எதிர் வீட்டுக் கிருஷ்ணம்மாள் ஓடி வந்தார். பின்னாலேயே பாதித் தெரு வந்தது.

"இன்னாடி ஆச்சு?"

"என் கட்டியத் தறிக்குத் தடவிட்டாருக்கா!"

"அதான் டாக்டர் எடுத்துட்டாங்களே, திரும்ப எங்கேர்ந்துடி வந்துச்சு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாணிக்கவாசகம் அதற்குள் ஒரு பிளேடைத் தேடி எடுத்து, பலகையில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டி ஒரு தாளில் சேர்க்க ஆரம்பித்திருந்தார்.

"எல்லாத்தியும் ஒண்ணா சேத்துக் குடுத்துடலாம்மா," என்றார் சந்தியாவிடம், கண்ணில் தண்ணீரோடு.

"மாமா, வேணாம், கைய எடுங்க!"

துர்காதேவி தெருவே கேட்கும்படி சொன்னாள்: "இத்தினி தேய்ச்சதுக்கப்புறமும் அந்த லேபுக்காரன் இதுல ஒரு பதிலு கண்டுபுடிச்சான்னா, ஒரு முழுப் பொடவைக்கு நீ உக்காந்து நெய்யி. நான் உனக்குக் கை ஆளா உக்கார்றேன். வாயே தெறக்க மாட்டேன். இவுங்க எல்லாரும் சாட்சி!"

"வாயே தெறக்க மாட்டியா?" என்றார் கிருஷ்ணம்மாள். "அந்த லேபு எங்க கீதுன்னு சொல்லுடி, நானே போயி வேண்டிக்கினு வரேன்."

பிளாக்கை ஈரத்துணியில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். பஸ் சுங்குவார்சத்திரத்தைத் தாண்டியது. பிறகு துர்காதேவி, "வெவரமான கம்பெனி" என்று மெல்லச் சொன்னாள். சந்தியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் சீட்டில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார்கள். முன் சீட்டில் மாணிக்கவாசகம் திரும்பவே இல்லை. அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

லேபில் ஆனந்தராஜ் என்ற இளைஞர் பிளாக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா, எலி கடிச்சிடுச்சா?"

"ஆமாப்பா. ஆறடி எலி. தோ, வெளிய உக்காந்துனு இருக்குது."

"ஓரத்து மெழுகுதான் போயிருக்குது. நடுவுல இருக்கறது தப்பிச்ச மாதிரிதான் தெரியுது. ஆனா சீவிப் பாத்தாதான் சொல்ல முடியும்."

பதில் வரும் வரை தறி ஓடியது. அதுவும் முன்னெப்போதும் ஓடாத வழவழப்பில் ஓடியது. "பாத்துத் தள்ளுய்யா, என் மேலதான் நாடா போவுது," என்பாள் துர்காதேவி. அந்த நாட்களில் மாணிக்கவாசகம் மத்தியானத்தில்கூடக் கண்ணசரவில்லை. சந்தியாவோ ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் திறந்துவைத்து, ஒவ்வொன்றிலும் முதலில் எந்த ஊர்ப் பெண்கள் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

பதில் வந்தது. சோதனை தெளிவாக நடந்திருக்கிறது, ஹெர்-டூ அளவுக்கு மீறி இருக்கிறது, ஊசி பொருந்தும். சந்தியா தெரு முனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள். ஓடி வந்து சொன்ன பிறகுதான், இது சந்தோஷப்பட வேண்டிய செய்தியா, வேகமாக வளரும் வகையாயிற்றே என்று தோன்றியது. துர்காதேவிக்கு அந்தக் குழப்பம் இல்லை. "பூட்டு இன்னான்னு தெரிஞ்சிடுச்சு, சாவியும் கீது. அப்புறம் இன்னா?" என்றாள். கிருஷ்ணம்மாள் கேசரி கிளறினார்.

மீதி மெழுகை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று சந்தியா முறைப்படி கேட்டாள். வெவ்வேறு ஊர்ப் பெண்களின் கணக்கோடு இதையும் வைத்துப் பார்ப்பார்கள் என்று விளக்கினாள்.

"இதால நல்லது நடக்கும் அத்தை."

"யாருக்கு?"

இந்தத் தடவை சந்தியா தலையைக் குனியவில்லை. "உங்களுக்குன்னு சொல்ல முடியாது. அடுத்து வர்ற நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு நடக்கலாம். எனக்கும் நிச்சயமாத் தெரியாது."

துர்காதேவி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

ஊசிகள் போட்டு முடிந்துவிட்டன. மாத்திரை தொடர்கிறது. போன மாதச் சோதனை வரை எல்லாம் நன்றாகவே இருக்கிறது. வருடா வருடம் நலம் விசாரித்து எழுதுவது சந்தியாவின் வேலை. போன வாரம் அதற்காகப் போனபோது தறியில் அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு புதுப் புடவை ஏறியிருந்தது. நெய்யும் இடத்தில் துர்காதேவி. பக்கத்தில் கை ஆளாக மாணிக்கவாசகம்.

"நீயே கேளும்மா," என்றார் அவர். "இது எத்தினாவது பொடவ? நான்தான் நெய்யணும்னு தெருவையே சாட்சி வெச்சுச் சொன்ன பேச்சு. சொன்ன சொல்லக் காப்பாத்த வாணாமா?"

துர்காதேவி நாடாவை விட்டாள். அது வழுக்கிக்கொண்டு ஓடியது.

"யாருக்கு?" என்றாள்.

"எனக்குத்தான்டி!"

"அடுத்த பொடவைக்குப் பாக்கலாம். இப்போ கரையத் தள்ளு," என்று முழங்கையால் ஒரு இடி கொடுத்தாள்.