கிராம்பு வாசனை

"நாலு எழுத்து படிச்சுட்டா குடிகாரனைத் திருத்திட முடியுமா?" என்று அத்தை ஒருமுறை சிரித்தாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

இன்று காலை அப்பா அருகில் வந்து உட்கார்ந்ததும் கிராம்பு மணத்தது.

திருவெறும்பூர் வீட்டில், சின்ன வயதில், எனக்கு அதுதான் அப்பாவின் வாசனை. ஃபேக்டரி சங்கு ஊதி வெகுநேரம் கழித்துத்தான் கிராம்பை மென்றபடி வருவார். ஒருநாள் ஆசையாக நானும் மென்றேன். அம்மா என் வாயை முகர்ந்ததும் அறைந்தாள். அப்பா தலைகுனிந்தார். பிராந்தி நாற்றத்தை மறைக்கத்தான் அது என்று பிறகுதான் புரிந்தது.

"என்கிட்ட மறைக்க வேணாம்ப்பா. திட்ட மாட்டேன். குடியை நிறுத்துற ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க தனியா விட்டுட்டு வந்துட மாட்டியே?"

பையைத் திறந்து காட்டினேன். அவருடைய லுங்கிகளின் மேல் என் சுடிதார்களையும் மடித்து வைத்திருந்தேன்.