மூன்று வாரத்துக்குள்

அவளை எல்லோரும் 'காப்பகத்து அக்கா' என்றே கூப்பிட்டார்கள். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் பதினோரு பேர், ஒரே அறை. மூக்கு துடைப்பாள், டயப்பர் மாற்றுவாள், பிள்ளைகள் கடித்துவிட்டு நீட்டும் பழத்தை வீணாக்க மனசு வராமல் தன் வாயில் போட்டுக்கொள்வாள். மகள் வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான். நடுவில் நாலு நாள் காய்ச்சல் வந்து போனது. அதையெல்லாம் யார் நினைவில் வைத்தார்கள்?

பிறந்த மறுநாள் காது சோதனையில் மகள் தேறினாள். ஒன்றரை வயதில் மழலை பேசியவள், இரண்டரையில் அதையும் விட்டாள். "உன்னை மாதிரியே அழுத்தக்காரி, கூப்பிட்டா திரும்புறாளா பாரு" என்று மாமியார் சிரித்தாள். ஒரு நாள் காப்பகத்தில் பெரிய தட்டு ஒன்று தரையில் விழுந்து அதிர்ந்தது. அத்தனை பிள்ளைகளும் வீல் என்று அலறின. மகள் மட்டும் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

காது டாக்டரம்மா அவள் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "சி.எம்.வி.ன்னு ஒரு வைரஸ். சின்னப் பிள்ளைங்க எச்சில்ல, மூத்திரத்துல இருக்கும். கர்ப்பத்துல தொத்துனா வயித்துப் பிள்ளைக்கும் போகலாம். சில பிள்ளைங்களுக்குப் பொறக்கும்போது காது நல்லா கேக்கும், அப்புறம் குறையும்."

"அதுதானா டாக்டர்?"

"இருக்கலாம். பொறந்த மூணு வாரத்துக்குள்ள சோதிச்சிருந்தா உறுதியா சொல்லியிருப்பேன். உங்க தப்பு இல்லம்மா."

ஆமாம் என்றால் அழுது தீர்க்கலாம். இல்லை என்றால் எழுந்து போகலாம். 'இருக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் அதே அறைக்குத்தான் போனாள். மகளையும் கூட வைத்துக்கொள்ள விட்ட வேலை அது ஒன்றுதான். மகள் காதுமெஷினைப் பிடுங்கி எறிவாள், இவள் எடுத்து மாட்டுவாள்.

அந்தச் சமயம் கூட வேலை பார்த்த சின்னவளுக்கு வயிற்றில் மூன்று மாதம். இவளிடம் விவரம் கேட்டிருந்த முதலாளியம்மா இவளைத் தனியே கூப்பிட்டாள். "டாக்டர் சொன்னதை அவகிட்ட உளறி வைக்காதே. ஓடிடுவா. அப்புறம் உன் பொண்ணை எங்க விடுவே?"

ஒன்பது நாள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பத்தாம் நாள், ஒரு பிள்ளை மிச்சம் வைத்ததைச் சின்னவள் வாய்க்குக் கொண்டுபோனபோது இவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"என்னக்கா!"

"உக்காருடி" என்றாள். ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சின்னவள் அந்த வாரமே நின்றுவிட்டாள். முதலாளியம்மா இவளை அனுப்பவில்லை. வேறு ஆளும் போடவில்லை. பதினோரு பிள்ளைகளும் இவள் ஒருத்தி தலையில். மகளைப் பேச்சுப் பயிற்சிக்குக் கணவன்தான் கூட்டிப்போனான். அங்கே அவள் என்ன பேசினாள் என்று இவள் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

ஆறு மாதம் கழித்துச் சின்னவள் போன் செய்தாள். "பொறந்த அஞ்சாம் நாளே சோதிச்சுட்டோம்க்கா. ஒண்ணுமில்லையாம். நீங்க மட்டும் சொல்லலைன்னா..."

"நல்லா இருடி" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டுக் காப்பகத்துக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே பிள்ளைகள் கதவைத் தட்டத் தொடங்கின. முகத்தைக் கழுவிக்கொண்டு திறந்தாள்.