அச்சுக்குள் காய்ந்த சந்தனம்

விளக்கெண்ணெயும் வெடிமருந்துக் கரியும் கலந்த ஒரு வாடை உண்டு. மழை பிடித்துக்கொண்ட நாட்களில் ஏற்காட்டு மலை நாகலூரில் எங்கள் வீட்டுக்குள் அதுதான் வீசும். எஸ்டேட்டில் காவல் வேலை பார்த்த அப்பாவுக்கு, சீமைக்குத் திரும்பிய முதலாளி தன் ரைஃபிளை லைசென்சோடு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதற்கான தோட்டா சீமையிலிருந்து வருவது நின்றுபோனதால், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை அப்பா எறியவே மாட்டார். சுட்டதும் அந்தக் கூடு உப்பிவிடும். மேலே எண்ணெய் தடவி, எஃகு அச்சுக்குள் அழுத்தி எடுத்தால்தான் மறுபடி துப்பாக்கிக்குள் நுழையும் அளவுக்கு வரும். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் "தொப்பை கரைக்கிறது".

அப்பாவுக்குப் பக்தி கொஞ்சம் கூடுதல். ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், வெள்ளாமைக் காட்டைக் காப்பாற்றுகிற சாமான் என்று சொல்லி அச்சைச் சந்தனத்தாலேயே குளிப்பாட்டிவிட்டார். நாங்களும் பயபக்தியோடு கும்பிட்டோம்.

அடுத்த வாரம், கதிர் முற்றி நின்ற எங்கள் கேழ்வரகுக் காட்டோரம் பன்றித் தடம் தெரிந்தது. பக்கத்துக் காட்டை அவை ஏற்கனவே உழுதுபோட்டிருந்தன. அந்தக் கேழ்வரகுதான் எங்களுக்கு வருஷத்துச் சாப்பாடு. கையிலோ தயாரான தோட்டா ஒன்றுகூட இல்லை. அப்பா அவசரமாக ஒரு கூட்டை அச்சில் வைத்து அழுத்தினார். பாதி போனது, அப்படியே நின்றது. உள்ளே வழிந்து காய்ந்திருந்த சந்தனம் அதைக் கவ்விக்கொண்டது. குறடு போட்டு இழுத்ததில் கூட்டின் அடிவிளிம்பு பிய்ந்ததுதான் மிச்சம். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படிப் பார்த்ததில்லை என்பதால் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, சந்தனம்தானுங்களே காஞ்சு கெடக்குது. தண்ணியில போட்டா ஊறாதுங்களா?"

"எஃகுச் சாமானைத் தண்ணியில போட்டாத் துரு ஏறீரும் புள்ள."

"பன்னி வந்து காட்டையே தின்னுட்டுப் போனா, துருப் புடிக்காத அச்சை வெச்சு என்னங்க பண்றது?"

அச்சு வாளித் தண்ணீருக்குள் போனது. அன்று ராத்திரி அப்பா காட்டில் தகரம் தட்டியே காவல் இருந்தார். விடிந்ததும், விரல் விறைக்கும் மூடுபனியில் அம்மா அச்சை எடுத்து நீட்ட, அப்பா மேல் ஓட்டை வழியே கம்பியை விட்டுத் தட்டினார். கூடு டங்கென்று தரையில் விழுந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"குளுருக்குப் பித்தளை சுருங்கிருச்சு கண்ணு" என்று அப்பா எனக்கு விளக்கினார்.

"சந்தனம் எளகிருச்சு சாமி" என்று அம்மாவும் என்னிடமே சொன்னாள்.

கடைசிவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பா அச்சைத் துடைத்து வேறொரு கூட்டை அழுத்தித் தோட்டா தயார்செய்தார். அன்று சாயங்காலம் காட்டுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது; அந்த வருஷக் கேழ்வரகு சேதமில்லாமல் வீடு வந்து சேர்ந்தது. மறு வருஷத்திலிருந்து ஆயுத பூஜையன்று அம்மா அச்சின் ஓட்டையைத் துணியால் அடைத்த பிறகுதான் சந்தனக் கிண்ணத்தை அப்பாவிடம் கொடுப்பாள்.

இன்று அந்தத் துப்பாக்கி இல்லை, அச்சும் இல்லை, அவர்கள் இருவரும் இல்லை. கேழ்வரகுக் காட்டில் காபி நிற்கிறது. ஏற்காடு கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் நான், மிஷினின் எண்ணெய் ஓட்டைகளைத் துணியால் மூடாமல் இன்றுவரை பொட்டு வைத்ததில்லை. போன ஆயுத பூஜைக்கு என் மகள் தன் புது லேப்டாப்பைக் கொண்டுவந்து மிஷின் பக்கத்தில் வைத்தாள். நான் சந்தனத்தைத் தொடுவதற்குள், சார்ஜர் ஓட்டையில் ஒரு துணுக்குத் துணியைத் திணித்துவிட்டு, "இப்ப வைங்கம்மா" என்றாள். என் அம்மாவை அவள் பார்த்ததுகூட இல்லை.