பேருந்தில் மறந்த ஜன்னல்

பளிச்சின் கணவர் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். எதிரே காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதர் களைத்துப்போய் நிற்பதைக் கண்டார். பாவமாக இருந்தது. "வாங்க சார், உள்ள வாங்க, ஏன் அங்கயே நிக்கிறீங்க?" என்று அன்போடு அழைத்துக்கொண்டே இரண்டடி முன்னால் போனார். அந்த மனிதரும் இரண்டடி முன்னால் வந்தார். நெற்றியும் நெற்றியும் மோதிக்கொண்டன.

சின்ன கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி வைத்தால் வீடு இரண்டு மடங்காகத் தெரியும் என்று பளிச் ஏதோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தாள். அன்று மதியம்தான் கண்ணாடி வந்து இறங்கியிருந்தது. கணவரிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

"இத்தனை வருஷமா பஸ் ஓட்டறேன். ரோட்ல ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல. எம் வீட்ல என்னையே இடிச்சுக்கிட்டேன்" என்றார் அவர், நெற்றியில் ஐஸ்கட்டியை வைத்தபடி.

"அது இருக்கட்டும்ங்க. வீடு பெருசா தெரியுதா இல்லையா?"

"தெரியுதும்மா. வீக்கமும் பெருசா தெரியுது."

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அதை யாரும் உபயோகிப்பதில்லை. எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்து, "இன்னும் கொஞ்சம் பளிச்னு இருந்தா நல்லாருக்கும்ல?" என்று கேட்டுக் கேட்டே அவள் பளிச் ஆகிவிட்டாள். பிரசவ வலியில் துடித்தபோதுகூட செவிலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், இந்தச் சுவத்துக்கு இளமஞ்சள் அடிச்சா வலி பாதியா குறையும்" என்று முனகியவள் அவள். பிறந்த குழந்தையைக் காட்டியபோது, "துண்டு ஏன் இப்படி வெளிறிப்போய் இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டாளாம். அந்தக் குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போகிறது. இன்றுவரை அந்தக் கேள்வியை மன்னிக்கவில்லை.

வீட்டில் பளிச் கை வைக்காத இடமில்லை. மின்விசைப் பலகைகளைச் சுற்றிப் பூக்கள் வரைந்தாள். அப்புறம் எது பூ, எது சுவிட்ச் என்று தெரியாமல் குடும்பமே சுவரைத் தடவிக்கொண்டு நின்றது. சமையலறைச் சுவரில் ஒரு கூடை ஆப்பிளைத் தத்ரூபமாக வரைந்தாள். கணவர் பசியோடு கையை நீட்டி, நகத்தை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கதவோ, நாற்காலியோ, மனிதரோ, எதுவானாலும் முதலில் ஆள்காட்டி விரலால் லேசாகக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் நெருங்குவார். விருந்தினர்கள் அதை ஏதோ நரம்பு வியாதி என்று நினைத்து, போகும்போது நல்ல டாக்டர் பெயர் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அப்பா, நான் நெஜம்தான்" என்று மகள் தினமும் காலையில் சொல்லவேண்டியிருந்தது.

இப்படி வீட்டையே வானவில்லாக்கிய பளிச்சுக்கு விதி செய்த கொடுமையைக் கேளுங்கள். அவள் வேலை பார்த்த அறைக்கு ஜன்னலே கிடையாது!

பேருந்துகளில் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களைக் காத்துவைக்கும் பிரிவு அது. கணவர் பேருந்து ஓட்டும் அதே போக்குவரத்து நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், தரைத்தளத்தின் கடைக்கோடியில் இருந்தது. குடைகள், தண்ணீர் பாட்டில்கள், ஒற்றைச் செருப்புகள், ஒற்றைக் கையுறைகள், ஒரு முழுப் பல்செட். சுவர் என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவு அலமாரிகள். வெளிச்சம் என்று சொல்ல ஒரே ஒரு குழல்விளக்கு. அதுவும் மனசு வந்தால் எரியும். தினமும் மதியம் பின்சுவர் ஒருமுறை 'உர்ர்ர்' என்று உறுமிவிட்டு அடங்கும்.

"எலி" என்பார் தும்மல் சார்.

"எலியா? அது எலின்னா அதுக்கு லைசென்ஸ் வேணும் சார்" என்பாள் வானொலி.

இந்த இருவரும்தான் பளிச்சின் சகாக்கள். தூசிக்கு நடுவே உட்கார்ந்து வருஷக்கணக்கில் தும்மிக்கொண்டிருந்தவர் தும்மல் சார். வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்தவள் வானொலி. ஒருவர் தும்ம, ஒருத்தி பேச, ஒருத்தி சிரிக்க, மூன்று பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்களைப் போல அந்த இருட்டில் வாழ்ந்துவந்தார்கள்.

அந்தக் கூட்டில்தான் கல் விழுந்தது.

புதிதாக வந்த மேலதிகாரி ஒருநாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே காலடிகூட வைக்கவில்லை.

"இதென்னய்யா, மனுஷன் இருக்கற எடமா? காத்து இல்ல, வெளிச்சம் இல்ல. ஒடஞ்ச பஸ் சீட்டெல்லாம் போட்டு வைக்க ஒரு குடோன் தேடிக்கிட்டிருந்தேன். இதான் குடோன். நீங்க மூணு பேரும் ஆளுக்கொரு கிளைக்குப் போயிடுங்க. அடுத்த வாரம் வந்து முடிவு பண்றேன்."

அவர் போனார். தும்மல் சார்கூடத் தும்மவில்லை.

"அப்போ நாளைலருந்து நான் பேசறத யாரு கேப்பாங்கக்கா?" என்று வானொலி கேட்டாள்.

"நான் தும்முனா 'நூறாயுசு'ன்னு யாரு சொல்லுவாங்க?" என்று தும்மல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பளிச் கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். தலையைச் சாய்த்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"மனுஷன் இருக்கற எடம் இல்லன்னுதான சொன்னாரு? அவரே எழுந்து போக மனசு வராத எடமா மாத்திக் காட்டறேன். இது சத்தியம்!"

ஒரு வருஷம் ஆகியும் யாரும் தேடி வராத பொருளை அலுவலக உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்தப் பிரிவின் விதி. அந்த விதியை அவ்வளவு அழகாக அதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. அனாதைக் குடைகளை விரித்து உட்கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். பாட்டில்களில் தண்ணீர் ஊற்றிப் பச்சைக் கொடிகளை வளர்த்தாள். ஒற்றைக் கையுறைகளில் பஞ்சை அடைத்து, வாசலருகே வரிசையாக 'வாங்க வாங்க' என்று கையசைப்பதுபோல மாட்டினாள். பல்செட்டை வரவேற்பு மேஜையில் வைக்கலாம், பார்ப்பவர்களுக்கும் சிரிப்பு வரும் என்றாள். மற்ற இருவரும் காலைப் பிடித்துக் கெஞ்சித் தடுத்தார்கள். அலமாரிகளை நகர்த்தித் தூசியைத் துடைத்து, சுவருக்கு இளமஞ்சள் பூசினார்கள். தும்மல் சாருக்குத் தும்மல் நின்றுபோனது. "உடம்புக்கு ஏதோ பண்ணுது" என்று அவர் பயந்துபோய் டாக்டரிடம் போனார்.

எல்லாம் இருந்தது. ஜன்னல் மட்டும் இல்லை.

மன்னிக்கவும், ஜன்னலும் இருந்தது. இரண்டு கதவுகளோடு முழுதாக ஒரு மர ஜன்னல் மூலையில் சாய்ந்திருந்தது. முன்பொரு மழைநாளில் ஒரு நடத்துநர் அதைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, "யாரோ கடைசி சீட்ல விட்டுட்டு எறங்கிட்டாங்க" என்று இறக்கி வைத்திருந்தார்.

"ஜன்னலோர சீட் கெடைக்காதுன்னு கையோட கொண்டு வந்திருப்பான்" என்றாள் வானொலி. யாரும் தேடி வரவேயில்லை.

பளிச் அந்த ஜன்னலைப் பின்சுவரில் நான்கு ஆணி அடித்து மாட்டினாள். சட்டத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்ன குழல்விளக்கைப் பொருத்தினாள். யாரோ மறந்த பூப்போட்ட சால்வை திரைச்சீலையானது. கதவிடுக்கில் வெளிச்சம் கசிந்தபோது, வெளியே இளவெயில் அடிப்பதுபோலவே இருந்தது. மூன்று பேரும் அதன் முன்னால் நின்று விம்மினார்கள்.

அந்த வாரம் முழுக்க அவள் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மத்தியானம்தான் ஒரு பாழாப்போன சுவத்துப் பக்கம் வண்டியப் போட்டுட்டுத் தனியா சாப்பிடறேன். ராத்திரியாவது பேசக்கூடாதா?" என்று கணவர் குறைப்பட்டுக்கொண்டார். கணவர் சொன்னது அவள் காதில் விழவில்லை. அவள் காதில் ஆணி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த நாளும் வந்தது. மேலதிகாரி வாசலில் நின்றார். கையுறைகள் கையசைத்தன. அவரும் தன்னையறியாமல் கையசைத்தார். பிறகு உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்ன, உள்ளயே மழை பெய்யுமா?"

"இல்ல சார், அழகுக்கு."

"ம்ம்." அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பச்சைக் கொடியைத் தடவினார். எழுந்திருக்க மனசில்லாதவர்போல மேலும் சாய்ந்துகொண்டார். பளிச்சின் நெஞ்சில் நம்பிக்கை மொட்டு விட்டது. ஆனால் அவர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு சொன்னார்: "வெக்கையா இருக்கே. அந்த ஜன்னலத் தொறங்க."

பளிச் அவசரமாகத் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

"சார்... அது... அடுத்த வாரம் தொறக்கலாம் சார்."

"ஜன்னல் என்ன கடையா, தேதி வச்சுத் தொறக்க?"

"கொசு வரும் சார்!" என்று வானொலி குறுக்கே பாய்ந்தாள்.

"பட்டப்பகல்லயா?"

"இப்பல்லாம் பகல் ஷிப்டும் பாக்குது சார்."

மேலதிகாரி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே எழுந்து போனார். திரையை விலக்கினார். கதவைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றினார். சால்வையிலிருந்து கிளம்பிய ஒரே ஒரு தூசி பறந்துபோய், சரியாகத் தும்மல் சாரின் மூக்கில் இறங்கியது. ஒரு வாரத்துத் தும்மல் மொத்தமும் ஒன்றாக வெடித்தது.

அதிர்ந்துபோன மேலதிகாரி ஒரே இழுப்பாக இழுத்தார். ஜன்னல் முழுதாக அவர் கையோடு வந்துவிட்டது.

ஜன்னலைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு அவர் நின்றார். எதிரே மஞ்சள் சுவர். அதில் நான்கு ஓட்டை. அசட்டுத்தனமாக எரியும் ஒரு குழல்விளக்கு.

எல்லாம் முடிந்தது என்று பளிச் கண்களை மூடிக்கொண்டாள். ஆனால் அந்த மேலதிகாரி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு விஷயத்தையும் இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் இல்லை. எல்லாம் தனக்கே தெரியும் என்பவர். அவர் சுவரைப் பார்த்தார். கையிலிருந்த ஜன்னலைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"அக்கிரமம்!" என்று கர்ஜித்தார். "ஜன்னலுக்குப் பின்னால எவனோ சுவர் கட்டியிருக்கான்!"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், அது வந்து, உண்மையில என்னன்னா..." என்று பளிச் ஆரம்பித்தாள்.

"நீ பேசாதம்மா! லைட்டப் போட்டு அதையே வெயில்னு நெனச்சு வாழ்ந்திருக்கீங்களே! ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னீங்களா?" அவர் குரல் உடைந்தது. நிஜமாகவே கண் கலங்கிவிட்டார்.

பளிச் மறுபடி வாயைத் திறந்தாள். வானொலி அவள் காலை ஓங்கி மிதித்தாள். எப்போதும் பேசுகிறவள், அன்றைக்குப் பேசாமல் இருந்தே காரியத்தைச் சாதித்தாள்.

"சார், அப்போ... குடோன்?" என்று தும்மல் சார் மெல்லக் கேட்டார்.

"ஜன்னல் இருக்கற ரூமை எவனாவது குடோன் ஆக்குவானா? யாரும் எங்கயும் போகவேண்டாம். சுவத்தை இடிக்கச் சொல்றேன்!"

இரண்டு நாளில் கொத்தனார் வந்தார். வெளிப்பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து தலையைச் சொறிந்தார். "சார், வெளிப்பக்கம் ஜன்னல் இருந்த தடமே இல்லையே?"

"அவ்ளோ நேர்த்தியா மறைச்சிருக்கானுங்கய்யா. இடி!" என்றார் மேலதிகாரி.

அந்தச் சமயம் பார்த்து சுவர் 'உர்ர்ர்' என்று உறுமி அடங்கியது. கொத்தனார் ஒரு கணம் பயந்து, பிறகு உளியை வைத்து அடித்தார். ஒரு செங்கல் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. தும்மல் சார் தும்மிக்கொண்டே இருக்க, ஒளிக்கற்றை ஒன்று புழுதியைக் கிழித்துக்கொண்டு, தலைகீழ்க் குடைகளையெல்லாம் வண்ணவண்ணமாகப் பற்றவைத்தது. விளக்கு இல்லை. வெயில்!

பளிச் ஓடிப்போய் ஓட்டை வழியே பார்த்தாள். வெளியே பேருந்துப் பணிமனையின் முற்றம். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பேருந்து நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், மடியில் சாப்பாட்டு டப்பாவோடு, வாயில் வைத்த கவளத்தை மென்று விழுங்க மறந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க!" என்று பளிச் அலறினாள்.

எலியில்லை, பூகம்பமில்லை. தினமும் மதியம் அந்தச் சுவரோரம் வந்து உறுமி அடங்கியது அவள் கணவரின் பேருந்துதான். இருவருக்கும் நடுவே இத்தனை வருஷமாக நின்றது ஒரே ஒரு செங்கல் சுவர்!

அவர் டப்பாவை வைத்துவிட்டு இறங்கி வந்தார். ஓட்டைக்கு முன்னால் நின்றார். உள்ளே குடைகள் தொங்கும் மஞ்சள் அறை, கொடிகள், கையசைக்கும் கைகள், நடுவில் புழுதி அப்பிய முகத்தோடு அழுதுகொண்டே சிரிக்கும் மனைவி. அவர் முகத்தில் சந்தேகம் படர்ந்தது.

"ஏம்மா, இது கண்ணாடியா, வரைஞ்சதா?"

"நெஜம்ங்க!"

"ஆப்பிளுக்கும் அப்படித்தான் சொன்ன."

அவர் ஆள்காட்டி விரலை நீட்டி மெல்ல முன்னால் கொண்டுவந்தார். கண்ணாடி தடுக்கவில்லை. சுவர் தடுக்கவில்லை. விரல் ஓட்டையைத் தாண்டி உள்ளே வந்து, அவள் கன்னத்தில் பட்டு நின்றது.

"ஈரமா இருக்கு" என்றார் அவர்.

"விரல எடுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் பளிச். ஆனால் முகத்தை நகர்த்தவில்லை.